தையல் பிரிந்த வயிறும் சம்மதக் கையெழுத்தும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, வயல் செய்கிறவர், சீனி வருத்தமும் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் இரைப்பைப் புண் ஓட்டையாகி, அரச ஆஸ்பத்திரியில் இரவோடிரவாக வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சல், கட்டுத்துணி இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஊறியிருக்கிறது, இரண்டு தரம் சொல்லியும் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் தையல் விட்டுக் குடல் வெளியே வந்து, மறு ஒப்பரேஷன், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாள். இப்போது வரம்பில் நடக்கவும் முடியாது. இங்கிலாந்தில் இருக்கிற தம்பி, அங்கே ஆபத்தை முன்பே கணக்குப் போடுவார்கள், இங்கே போடாதது குற்றம் என்கிறாராம். "அப்பா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, வழக்கு வைக்கலாமா?"

தங்கச்சி, அந்தக் கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். வயிற்றை வெட்டுவதற்குத்தான் அப்பா சம்மதித்தார், கவனக்குறைவாகப் பார்ப்பதற்கு இல்லை.

தம்பி சொல்வது உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிட்டு, இறக்கும் வாய்ப்பு 5 வீதமோ அதற்கு மேலோ வந்தால் மூத்த வைத்தியர்கள் பக்கத்தில் நிற்கவும் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கவும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு நூறு பேரில் எத்தனை பேர் என்றுதான் சொல்லும், உங்கள் அப்பாவுக்கு என்ன நடக்கும் என்று சொல்லாது. அதைப் போடவில்லை என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது.

என் மனம் நிற்பது அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில்தான். வயிற்றுத் தையல் உள்ளே விடுகிறது என்பதற்கு அது சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறி, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். முதுமை, சீனி வருத்தம், அவசர ஒப்பரேஷன், வயிற்றுக்குள் கிருமி என்று நாலும் சேர்ந்த ஒருவருக்கு அது கசிந்தால் உடனே வைத்தியரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் கடினமான பகுதி. நாலாம் நாளே பார்த்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். பிரியானி சொய்சா என்ற குழந்தை வைத்தியருக்கு எதிரான வழக்கில் அவரின் கவனக்குறைவு நிரூபணமாகியும், அதனால்தான் குழந்தை இறந்தது என்று காட்ட முடியாததால் 2001இல் இலங்கை உயர் நீதிமன்றத்தில் குழந்தையின் தந்தை தோற்றார். அதனால் வேறு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் அபிப்பிராயம் இல்லாமல் இறங்காதீர்கள்.

அவருக்குக் காட்ட பெட் ஹெட் டிக்கெட்டின், அதாவது வார்டில் அப்பாவின் சிகிச்சையை எழுதி வைத்த பதிவின், முழுப் பிரதி வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவு என்பதால் விண்ணப்பத்தில் அப்பாவே கையெழுத்து வைக்கட்டும். நாலாம், ஐந்தாம் நாட்களின் காய்ச்சல் அட்டையையும் தாதியர் குறிப்பையும் முதலில் பாருங்கள். நீங்கள் சொன்னது எழுதப்படவில்லை என்றால், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான் தவணை. அரசுக்கு எதிராகப் போவதால் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்கவும் வேண்டும். உங்களிடம் இருப்பது ஆறு மாதம், அதில் ஒன்று இதற்கே போய்விடும். பிரதிக்கான விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுங்கள்.