விமானம் ஏன் விக்குகிறது? சிமுலேட்டர் கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும்போது வரும் ஸ்டட்டர் (படம் ஒரு கணம் நின்று இடறுவது) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து விழுந்த கேள்விகளில் முக்கால்வாசி மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 பற்றியவை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர்காரர்கள் சிலர். 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை (எஃப்.எஸ்.எக்ஸ்) இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஒருவரும் இருக்கிறார். அவருக்குத் தனி வணக்கம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எனக்கு எஃப்.பி.எஸ் 50க்குக் கீழே இறங்குவதே இல்லை. ஆனாலும் அவ்வப்போது படம் இடறுகிறது. எண் நன்றாக இருக்கும்போது இது எப்படி?

எஃப்.பி.எஸ் என்பது கூட்டுக் கணக்கு, தம்பி. ஒரு நொடியில் எத்தனை படம் வந்தது என்று சொல்லுமே தவிர, எந்த இடைவெளியில் வந்தது என்று சொல்லாது. 49 படங்கள் ஆளுக்கு 16 மில்லிநொடியில் வந்து, ஐம்பதாவது மட்டும் 200 மில்லிநொடி இழுத்தாலும் மூலையில் 50 என்றுதான் காட்டும். அந்த ஒற்றைப் படம்தான் உங்கள் கண்ணை உறுத்துகிறது. பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தின் வரைபடம். ரிவாட்யூனர் என்ற மென்பொருளைப் போட்டால் திரையிலேயே கோடாக ஓடும். கோடு 33 மில்லிநொடியில் தட்டையாகப் போனால் 30 எஃப்.பி.எஸ்தான், ஆனால் கண்ணுக்கு இதமாக இருக்கும். 16க்கும் 60க்கும் குதித்துக்கொண்டிருந்தால் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் எரிச்சல்தான்.

அடுத்தது, இங்கே எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி: எப்போது விக்குகிறது? கடிகாரம் வைத்த மாதிரி சீராக வந்தால் பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் வேலை செய்கிறது. பறக்கும் இடம் மாறும்போது வந்தால் லோடிங். தலையைத் திருப்பும்போது மட்டும் வந்தால் அது வேறு. விமான நிலையத்தை நெருங்க நெருங்கக் கூடினால் பெரும்பாலும் பிராசசர். முதல் அரை மணி நன்றாக ஓடி அப்புறம் கெட்டால் சூடு, அல்லது கிராபிக்ஸ் மெமரி நிறைந்துவிட்டது. 'அவ்வப்போது' என்பது போதாது. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு பத்து விக்கலின் நேரத்தைத் தாளில் குறியுங்கள்.

மேலே கேட்டவன்தான் அண்ணா. குறித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட சரியாக 60 நொடிக்கு ஒருமுறை!

அப்படியானால் கிராபிக்ஸ் செட்டிங் எதையும் தொடாதீர்கள். இயற்கையாக வரும் ஸ்டட்டருக்குக் கடிகாரம் தெரியாது. சிமுலேட்டரோடு சேர்ந்து ஓடும் துணை புரோகிராம்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் 'ஆட்டோசேவ்' 60 நொடி என்று இருக்கும். சேமிக்கும்போது விமானத்தின் மொத்த நிலையும் கோப்பாக எழுதப்படும். சின்ன செஸ்னாவில் அது தெரியவே தெரியாது. உள்ளே நூறு சிஸ்டம் உள்ள பெரிய ஜெட்டில் அரை நொடி நின்றுவிடும். எனக்கும் இதேதான் நடந்தது. இரண்டு மாதம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன், கடைசியில் குற்றவாளி ஒரே ஒரு டிக் பெட்டி.

ஆட்டோசேவ் இல்லையென்றால், விசிறி வேகம், சூடு, கீபோர்டு வண்ண விளக்கு இவற்றைக் கவனிக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சென்சாரைக் குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பவை அவை. வைஃபை அடாப்டர் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடும்போதும் இடறல் வருவதுண்டு. லேட்டன்சிமான் என்ற கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரத்தை விழுங்குகிறது என்று பெயரோடு காட்டும்.

நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன் சார். நடுவானில் வெண்ணெய் மாதிரி போகிறது. லண்டன் ஹீத்ரோவில் ஏ320ஐ இறக்கும்போது, அதுவும் கடைசி ஐந்து மைலில், ஸ்லைட் ஷோ. டி.எல்.எஸ்.எஸ் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டும் மாற்றமில்லை. கார்டில் கோளாறா?

கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்கில் டெவலப்பர் மோடை இயக்கினால் மேலே ஒரு பட்டி வரும், அதில் எஃப்.பி.எஸ் காட்டச் சொல்லுங்கள். 'மெயின்த்ரெட்' தடுக்கிறது என்று சிவப்பில் எழுதியிருந்தால் பிராசசரின் ஒரே ஒரு கோர் மூச்சு வாங்குகிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 25 சதவீதம் என்று காட்டுவதை நம்பி ஏமாறாதீர்கள். பதினாறு பேர் உள்ள சமையலறையில் ஒருவர் மட்டும் பரோட்டா வீசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதை அது. டி.எல்.எஸ்.எஸ் குறைப்பது கார்டின் வேலையை. மெயின்த்ரெட்டுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை.

ஹீத்ரோவில் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்கிறது: லண்டனின் ஃபோட்டோகிராமெட்ரி கட்டடங்கள் (நிஜப் புகைப்படங்களிலிருந்து உருவாக்கியவை), டெர்மினல், சிமுலேட்டரே ஓட்டும் ஏஐ விமானங்கள், உங்கள் ஏ320இன் காக்பிட் திரைகள். முதலில், நிலம் எவ்வளவு தூரம் வரை விவரமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலைக் குறையுங்கள். 200 வைத்திருந்தால் 100 போதும். விவரம் தெரியும் தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அத்தனையும் அந்த ஒரு கோரின் தலையில் விழும். தரையை ஒட்டிப் பறக்கும்போது தொலைவு எப்படியும் கண்ணுக்குத் தெரியாது. உயரத்துக்கு ஏற்ப இதைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்து ஏஐ டிராஃபிக். ஒவ்வொரு விமானமும் புதிதாக முளைக்கும்போது அதன் மாடலையும் டெக்ஸ்ச்சரையும் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) ஏற்ற வேண்டும், அது ஒரு விக்கல். தனி டிராஃபிக் ஆட்ஆன் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) போட்டிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மல்டிபிளேயரில் மற்றவர்கள் வந்து போவதும் இதே கணக்கில் சேரும். காக்பிட் திரைகளின் ரெஃப்ரெஷ் ரேட் 'ஹை' என்றிருந்தால் 'மீடியம்' ஆக்குங்கள். ஜெட்களில் இதற்கு நல்ல பலன் உண்டு. தரை வண்டிகள், பணியாளர்கள் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்பாக ஒரு ஃப்ளைட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதே வானிலை, அதே நேரத்தில், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

கார்டே இடையிடையே படம் உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் இது தீராதா?

எண் கூடும். மெயின்த்ரெட் 200 மில்லிநொடி நின்றால் இடையில் செருக அதனிடம் படம் இருக்காது. ஏற்கெனவே சீராக ஓடுவதை இன்னும் வழவழப்பாக்க நல்லது.

நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தலையை இடமோ வலமோ திருப்பினால்தான் ஒரு வெட்டு.

செட்டிங்கில் 'ஆஃப் ஸ்கிரீன் டெரெய்ன் ப்ரீ-கேஷிங்' என்று ஒன்று உண்டு. அதை அல்ட்ராவில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள நிலத்தை நீங்கள் திரும்பிய பிறகுதான் ஏற்றும்.

ஐயா, 8 ஜி.பி கார்டு, 16 ஜி.பி ரேம். முதல் 40 நிமிடம் பிரமாதம். அப்புறம் திடீரென 8 எஃப்.பி.எஸ். மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. வாரத்துக்கு நாலு முறை இதே கதை.

டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பறந்து பாருங்கள். 'டெடிகேட்டட்' மெமரி 8ஐத் தொட்டு நிற்க, 'ஷேர்டு' மெமரி ஏறத் தொடங்கும் அந்த நிமிடம்தான் உங்கள் 40ஆவது நிமிடம். கார்டில் இடமில்லாத டெக்ஸ்ச்சர்கள் சாதா ரேமுக்குத் தள்ளப்பட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அங்கிருந்து வந்து போகின்றன. டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷனை அல்ட்ராவிலிருந்து ஹை அல்லது மீடியம் ஆக்குங்கள். 2020 பதிப்பு என்றால் டைரக்ட்எக்ஸ் 11க்கு மாறிப் பாருங்கள். 12 கூடுதலாக மெமரி தின்னும். இரண்டாம் மானிட்டரில் யூடியூப் ஓடுகிறதா? அதுவும் அந்த 8இல்தான் பங்கு கேட்கிறது. 2024க்கு 32 ஜி.பி ரேம்தான் பரிந்துரை, 16 வெறும் குறைந்தபட்சம். யாரோ சொன்னார்கள் என்று பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்து வைத்திருந்தால் தயவுசெய்து திரும்பப் போடுங்கள்.

லேப்டாப்தான் இருக்கிறது. மே மாதத்தில் பதினைந்தாவது நிமிடம் திக்க ஆரம்பிக்கிறது. டிசம்பரில் இல்லை.

பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். சூடு ஏறியதும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, சற்று ஆறியதும் ஏற்றுகிறது, மறுபடி குறைக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் திக்கல். பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள், தூசி தட்டுங்கள், மூன்று வருடம் ஆன லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் காசில்லாமல் ஒரு வைத்தியம்: விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 100க்குப் பதில் 99 என்று போடுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். உச்ச எஃப்.பி.எஸ் கொஞ்சம் குறையும், ஆனால் கடைசி வரை அதே வேகத்தில் ஓடும்.

60 ஹெர்ட்ஸ் டி.வியில் பறக்கிறேன். 45 எஃப்.பி.எஸ் அசையாமல் வருகிறது. ஃப்ரேம் டைமும் தட்டை. இருந்தும் ஓடுபாதைக் கோடுகள் நடுங்குகின்றன.

இது ஸ்டட்டர் இல்லை, கணக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். டி.வி நொடிக்கு 60 முறை படம் கேட்கிறது, நீங்கள் 45 கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு மூன்று படத்திலும் இரண்டு ஒரு தடவையும் ஒன்று இரண்டு தடவையும் காட்டப்படும். அதுதான் நடுக்கம். வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) போட்டு 30இல் பூட்டுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்காரர்கள் 48 அல்லது 36இல் பூட்டலாம். படம் வரும் வேகத்துக்குத் தானே மாறிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டருக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

100 எம்.பி.பி.எஸ் இணையம் இருந்தும் நகரங்களுக்கு மேல் இடறுகிறது. நெட்தான் காரணமா?

2020க்கு 20, 2024க்கு 50 எம்.பி.பி.எஸ் பரிந்துரை, ஆகவே வேகம் குறைவில்லை. வேகம் வேறு, சீராக வருவது வேறு. நெட் இழுத்தால் பொதுவாகக் கட்டடங்கள் உருகிய மெழுகு மாதிரி தெரியும். படம் நின்று நின்று போவது வேறு நோய். பிரித்துப் பார்ப்பது சுலபம்: டேட்டா பக்கத்தில் ஃபோட்டோகிராமெட்ரியை மட்டும் அணைத்துவிட்டு அதே நகரின் மேல் பறந்து பாருங்கள். ரோலிங் கேஷ் (நெட்டிலிருந்து வந்த நிலத்தைச் சேமித்து வைக்கும் கோப்பு) பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால் அதை அழித்துவிட்டு எஸ்.எஸ்.டியில் புதிதாக உருவாக்குங்கள்.

சில நாள் ஒன்றுமே இல்லை, சில நாள் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை இரண்டு நொடி உறைகிறது. எந்த ஒழுங்கும் இல்லை.

ஒழுங்கே இல்லாமல் வரும் உறைதலுக்கு நான் முதலில் கை வைப்பது யு.எஸ்.பியில். என் த்ராட்டிலின் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) கேபிள் லேசாகத் தளர்ந்திருந்தது. கை அசையும்போது ஒரு கணம் இணைப்பு போய்த் திரும்ப வரும், சிமுலேட்டர் உடனே எல்லாக் கருவிகளையும் மறுபடி எண்ணத் தொடங்கி உறைந்துவிடும். ஹெட்போனில் இன்ஜின் சத்தம் என் காதை அடைத்திருந்ததால் விண்டோஸ் 'டிங்டொங்' என்று கத்தியதை நான் கேட்கவே இல்லை. ஒரு நாள் ஸ்பீக்கரில் ஓட்டியபோதுதான் பிடிபட்டது. கேபிளை மாற்றுங்கள், கருவிகளைத் தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் கொத்தாகச் செருகாதீர்கள், டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி ஹப்களுக்கு மின்சேமிப்பை அணையுங்கள்.

எக்ஸ்-பிளேன் 12. வடக்கு நோக்கிப் போனால் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம்.

வரைபடத்தில் அந்த இடங்களைப் பாருங்கள், முழு டிகிரிக் கோடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். எக்ஸ்-பிளேன் நிலத்தை 1 டிகிரிக்கு 1 டிகிரி ஓடுகளாக வைத்திருக்கிறது. வடக்கு தெற்காக ஓர் ஓடு சுமார் 111 கிலோமீட்டர். புதிய ஓடுகளை ஏற்றும்போதுதான் நிற்கிறது. ஆர்த்தோ படங்கள் (நிலத்தின் மேல் விரிக்கும் வான்வழிப் புகைப்படங்கள்) போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் கனம். ஸூம் லெவலை (படத்தின் நுணுக்க அளவு) குறைத்துச் செய்த ஆர்த்தோவும் எஸ்.எஸ்.டியும்தான் வழி. இன்னொன்று, எஃப்.பி.எஸ் 20க்கும் கீழே போனால் எக்ஸ்-பிளேன் நேரத்தையே மெதுவாக்கும். அது ஸ்டட்டர் மாதிரி தெரியாது, விமானம் தேனில் மிதப்பது போல் இருக்கும்.

எஃப்.எஸ்.எக்ஸ்?

உள்ளேயே ஃப்ரேமை 30க்குப் பூட்டுங்கள். மிஞ்சும் நேரத்தில் நிலத்தை ஏற்றிக்கொள்ளும். 32 பிட் என்பதால் 4 ஜி.பிக்கு மேல் அதற்கு எட்டாது, ஆகவே 64 ஜி.பி ரேம் போட்டாலும் பெரிய ஆட்ஆன்களைக் குவித்தால் விழுந்துவிடும்.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

வேண்டாம். முதலில் ஆட்ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, காலி ஃபோல்டரோடு பறந்து பாருங்கள். விக்கல் நின்றால் ஆட்ஆன்களில் பாதியைத் திருப்பி வையுங்கள். வந்தால் அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். நூறு ஆட்ஆன் இருந்தாலும் ஏழு சோதனையில் ஆள் அகப்பட்டுவிடும். கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பித்த அன்று சோதிக்காதீர்கள். ஷேடர் கேஷ் (கார்டு படம் வரையத் தயாரித்து வைத்துக்கொள்ளும் கோப்புகள்) மறுபடி உருவாகும்வரை முதல் ஃப்ளைட் எல்லாருக்கும்தான் திக்கும்.

செலவழிக்கத் தயார். ஏஎம்4 வகை மதர்போர்டு, பழைய ரைசன் பிராசசர். கார்டை மாற்றவா, பிராசசரையா?

மெயின்த்ரெட் என்று காட்டினால் பிராசசரை. 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியில் 96 எம்.பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருக்கிறது, சிமுலேட்டருக்கு அது அமிர்தம். பழையது கிடைத்தாலும் வாங்கலாம். மாற்றுவதற்கு முன்னால், பழைய ரைசன் செருகியிருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். புதியதை மாட்டிவிட்டுத் திரை எரியவில்லை என்று எனக்கு எழுதியவர்கள் மூன்று பேர். கூடவே ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி இயங்குகிறதா என்றும் பாருங்கள், பயாஸ் புதுப்பித்தால் அது பெரும்பாலும் அணைந்துவிடும்.