லொறித் திறப்பை யார் தருவார்? – வாசகர் கேள்வி பதில்

கடந்த சில மாதங்களில் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் பாரவூர்திச் சாரதித் தொழிலைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தினை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் அதிற் பயன் இருக்கும் என்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: எனக்கு 22 வயது. உயர்தரம் வரை படித்தேன். அப்பாவின் உழவு இயந்திரத்தை நீண்ட காலமாக ஓட்டி வருகிறேன். இலகுரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரமும் உண்டு. லொறி ஓட்டும் வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் "அனுபவம் இருக்கிறதா" என்கிறார்கள். வேலை தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? – வாசகர், ஒட்டுசுட்டான்

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் அந்தக் கேள்வியை லொறி உரிமையாளரின் பக்கத்தில் நின்றும் ஒருமுறை பாருங்கள். பலருக்கு அந்த லொறிதான் வீட்டையும் வயலையும் விடப் பெறுமதியான சொத்து. லீசிங் தவணை இன்னும் கட்டி முடியாத லொறிகளும் ஏராளம். இரவு வேளையில் ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் நடுவே ரயர் வெடித்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும், ஏற்றிய சாமான் குறையாமல் போய்ச் சேருமா, இவருக்காகப் பேச எனக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்பவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே அவர் "அனுபவம்" என்ற ஒரு சொல்லைக் கேட்கிறார். வன்னியில் சாரதி வேலை விளம்பரத்தைப் பார்த்துக் கிடைப்பது அரிது. ஆளறிந்து கிடைப்பதே வழக்கம். ஆகவே சாரதி ஆசனத்தைத் தேடி அலைவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, நல்ல சாரதி ஒருவருக்குப் பக்கத்திலிருக்கும் உதவியாளர் ஆசனத்தைத் தேடுங்கள் என்பதே என் பதில்.

உதவியாளர் என்றால் மூடை சுமப்பவர்தானே என்று உயர்தரம் படித்தவர்கள் தயங்குவதை நான் அறிவேன். ஆனால் மூடைகளை எப்படி அடுக்கினால் பாரம் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சரியாகப் பங்கிடப்படும், கயிற்றை எங்கே மாட்டி எவ்வளவு இறுக்க வேண்டும், தறப்பாளை எப்படிக் கட்டினால் ஓட்டத்தில் காற்றுப் புகுந்து கிழியாது என்பவற்றை எந்தச் சாரதி பயிற்சி நிலையமும் கற்றுத்தருவதில்லை. பின் அச்சுக்கு அப்பால் பாரம் மிஞ்சினால் முன் சில்லுகள் இலேசாகி, வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாமற் போகும் என்பதை, ஏற்றி இறக்கிப் பழகியவரே உணர்ந்து ஓட்டுவார். காலபோக நெல் அறுவடையாகும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒவ்வொரு லொறிக்கும் ஆள் தேவைப்படும். அக்காலத்தில் அரிசி ஆலைகளுக்கும், வவுனியா, கிளிநொச்சி நகரங்களிலுள்ள கட்டடப் பொருள் விற்பனை நிலையங்களுக்கும் நேரில் போய்க் கேளுங்கள்.

யாரிடம் சேர்கிறீர்கள் என்பது சம்பளத்தை விட முக்கியமானது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புறப்படுமுன் அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறாரா, ரயர்களையும் எஞ்சின் ஒயிலையும் றேடியேற்றர் தண்ணீரையும் பார்க்கிறாரா, நித்திரை வந்தால் வண்டியை ஓரங்கட்டிப் படுக்கிறாரா, குடித்துவிட்டுத் திறப்பை எடுக்கிறாரா என்பவற்றை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளலாம். தொடக்கத்தில் பழகிய பழக்கம் சாரதியின் கைகளை விட்டுப் பிறகு போவதில்லை. கெட்ட பழக்கமுள்ளவரிடம் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபா கூடுதலாகக் கிடைத்தாலும் அங்கே நிற்காதீர்கள். இன்னொன்று: ஆளில்லாத வீதியில் "கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்" என்று அவர் அன்போடு இடம் விட்டாலும், அந்த வாகனத்துக்குரிய வகுப்பு உங்கள் அனுமதிப்பத்திரத்தில் இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள். உரிய அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அந்த நட்டம் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

வகுப்புகளைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். பி வகுப்பு, வாகனமும் சாமானும் சேர்ந்த மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத வாகனங்களுக்குரியது. நம்மூரில் 'பட்டா' என்று சொல்லும் சிறு லொறி இதற்குள் அடங்கும். அதற்கு மேல் 17,000 கிலோகிராம் வரையான லொறிகளுக்குச் சி1 வகுப்பும், அதையும் மிஞ்சியவற்றுக்குச் சி வகுப்பும், இழுவைப் பெட்டி பூட்டிய பெரிய வாகனங்களுக்குச் சிஈ வகுப்பும் வேண்டும். உங்கள் கையிலுள்ள அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு இன்றைக்கே பட்டா ஓட்டலாம். கடைச் சாமான், மரக்கறி, தண்ணீர்ப் போத்தல் விநியோகம் போன்ற வேலைகளுக்குப் பட்டாச் சாரதிகளை எடுக்கிறார்கள். அதில் ஓடிக்கொண்டே மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கனரக வகுப்புக்கு விண்ணப்பிப்பதுதான் சரியான ஒழுங்கு. இலகுரக அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். கனரகத்துக்கு நான்கு ஆண்டுகளே. ஆதலால் புதுப்பிக்கும் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உழவு இயந்திரம் ஓட்டிய உங்கள் கை வீணாகாது. பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தைப் பின்பக்கமாக எடுக்கும்போது, பெட்டி போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது யோசிக்காமலே வரும். பெரிய இழுவை வாகனங்களுக்கு மாறுபவர்கள் பலர் திணறுவது அங்கேதான். ஆனால் வேகத்தைப் பற்றிய உங்கள் கணிப்பை முழுவதுமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. ஏ-9 வீதியில் இருட்டில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு, அது மாடுதான் என்று உணர்ந்து, கால் பிறேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி எடுத்தால், பிறேக் பிடிக்கத் தொடங்குமுன்பே 25 மீற்றர் போய்விடும். அதன் பின்னர்தான் பல தொன் பாரத்தோடு வண்டி நிற்கத் தொடங்குகிறது. மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரையும், பரந்தன் புதுக்குடியிருப்பு வீதியிலும் இரவில் கட்டாக்காலி மாடுகள் நிற்பது நீங்கள் அறியாததன்று. பெரிய லொறிகளில் பிறேக் காற்றழுத்தத்தால் இயங்குவதால், அழுத்தமானி உரிய அளவைக் காட்டும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்பதையும் இப்போதே மனதில் இருத்துங்கள்.

வன்னிச் சாரதிகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நமது நிலம் சமதரை. இங்கே பழகியவர் இறக்கத்தில் பாரத்தோடு இறங்குவதைப் பழகியிருக்க மாட்டார். பிறகு ஒருநாள் மரக்கறி ஏற்றிவர நுவரெலியாவுக்கு அனுப்பப்படும்போதுதான் சோதனை வருகிறது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு வந்து, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிறேக்கை இடையிடையே மட்டும் பயன்படுத்த வேண்டும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரை தனியாக ஓடப் பழகிய பின்னரும், மலைநாட்டுக்கான முதல் ஓட்டங்களை அனுபவமுள்ள ஒருவரோடு மட்டுமே செல்லுங்கள். உரிமையாளர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஆவணங்கள். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை வண்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. மணல், கிரவல், மரம், மாடு ஆகிய நான்கையும் ஏற்றுவதற்கு முன், அந்தச் சாமானுக்கும் அந்த நாளுக்கும் அந்தப் பாதைக்கும் உரிய அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். "அதெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார்" என்ற சொல்லை நம்பி ஓடிய இளைஞர்கள்தான் பொலிஸாரிடம் பிடிபட்டு நீதிமன்றில் நிற்கிறார்கள். அந்நேரத்தில் டிப்பரில் இருப்பவர் சாரதி, முதலாளி வீட்டில் இருப்பார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கே இத்தகைய ஓட்டங்கள் முதலில் நீட்டப்படுகின்றன, ஏனெனில் அனுபவமுள்ளவர்கள் அவற்றை ஏற்கமாட்டார்கள். வழமையை விட இரட்டிப்புக் கூலியும் நள்ளிரவுப் புறப்பாடும் ஒன்றாக வந்தால், அது உங்களுக்கு வேண்டாத வேலை.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி முற்பணம் தருவதாகச் சொல்ல, லீசிங்கில் லொறி எடுத்துத் தானே ஓட்டுவேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். சம்மதிக்கலாமா? – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

இப்போது வேண்டாம், அம்மா. தவணை மாதந்தோறும் தவறாமல் வரும். ஓட்டம் அப்படி வராது. நெல் ஏற்றும் வேலை காலபோகம், சிறுபோகம் என இரண்டு அறுவடைக் காலங்களில் குவிந்து கிடக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் வீதி வேலையும் கட்டட வேலையும் மந்தமாகி, கிரவல், கல், மணல் ஓட்டங்கள் குறைந்துவிடும். அந்த மாதங்களிலும் தவணை கட்ட வேண்டும். ரயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கப்பட்டபோதும் வாகன விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆதலால் கடனின் அளவும் பெரிது. மூன்று தவணை தவறினால் லொறியோடு உங்கள் தம்பியின் பணமும் போய்விடும். நம் மாவட்டங்களில் கடன் என்ன செய்திருக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மகனின் ஆசை நல்ல ஆசை. அதை மறுக்காமல் தள்ளிப்போடுங்கள். மாமனின் பணத்தில் ஒரு பகுதியை இலகுரக அனுமதிப்பத்திரத்துக்கும், வாகனத் திருத்தப் பயிற்சிக்கும் செலவிடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழினுட்பம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டருகே கிடைக்கிறது. எஞ்சினின் சத்தம் மாறுவதைக் கேட்டு நோயை அறியும் சாரதிக்கு வேலை தேடிவரும். பிறகு அவர் சொந்தமாக லொறி வாங்கினாலும் கராச்சில் ஏமாற மாட்டார். மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும். சில ஆண்டுகள் பிறருடைய லொறியில் ஓடி, டீசல், கூலி, பழுது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வந்த பிறகும் கணக்கு இலாபம் காட்டினால், அப்போது லொறியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: போரில் காலில் காயப்பட்டவன். நடக்கவும் மோட்டார் சைக்கிள் ஓட்டவும் சிரமமில்லை. லொறிச் சாரதி ஆகலாமா? – வாசகர், முழங்காவில்

பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள். பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் எக்ஸ்றே படங்களையும் கொண்டு சென்று, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாரமான கிளட்சைப் பகல் முழுவதும் மிதிப்பதற்கு அந்தக் கால் தாங்குமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். அவர் கனரகத்துக்கு இணங்காவிட்டாலும், இலகுரக வாகனத்துக்கு இடமுண்டா என்பதையும் அதே நாளில் கேட்டறியலாம்.

கேள்வி: நான் 27 வயதுப் பெண். முச்சக்கர வண்டியும் காரும் ஓட்டுகிறேன். விநியோக லொறி ஓட்ட விரும்புகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். – வாசகி, வவுனியா

சகோதரி, அனுமதிப்பத்திர விதிகளில் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. வவுனியா நகரிலிருந்து காலையில் புறப்பட்டுச் செட்டிகுளம், நெடுங்கேணி, கனகராயன்குளம் கடைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பும் விநியோக வேலையோடு தொடங்குவதே நல்லது. மலசலகூட வசதியுள்ள எரிபொருள் நிரப்பு நிலையங்களை முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள். சாமான் ஏற்றி இறக்க உதவியாளர் ஒருவர் தரப்படுவாரா என்பதை வேலைக்குச் சேருமுன் கேட்டுவிடுங்கள்.

நியமனக் கடிதம் இல்லாத இடத்தில் சேராதீர்கள். இதை ஆண்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சம்பளத்திலிருந்து 8 வீதம் கழித்து, தொழில் தருநர் தம் பங்காக 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்கும், அதற்கு மேலதிகமாக 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் செலுத்த வேண்டும். 'ஓட்டத்துக்கு இவ்வளவு' என்ற வாய்ப்பேச்சில் காலம் போக்கிய சாரதிகள் பலர், முதுமையில் ஒரு சதமும் இன்றி இருப்பதை ஊரில் பார்க்கிறோம். வீட்டில் சிரிப்பவர்களுக்கு முதல் மாதச் சம்பளப் பட்டியலைக் காட்டுங்கள்.

கேள்வி: அனுபவம் இல்லாவிட்டாலும் கனடாவிலோ ஐரோப்பாவிலோ லொறிச் சாரதி வேலை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார். நம்பலாமா? – வாசகர், கிளிநொச்சி

அவர் சொல்வதை அந்த நாடுகளின் விதிகளோடு வைத்துப் பாருங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரிய இழுவை லொறி ஓட்டுவதற்கான ஏ வகுப்பு அனுமதிக்கு, 2017 யூலை முதல் ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சி பெற வேண்டும். 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் ஹொக்கி அணியினர் பயணித்த பேருந்தும் லொறியும் மோதிப் பதினாறு பேர் இறந்தனர். அந்த லொறியை ஓட்டியவர் தொழிலுக்குப் புதியவர். அதன் பின் சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா, மனிற்றோபா மாகாணங்களும் 2019இல் கட்டாயப் பயிற்சியைக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கனரக அனுமதிப்பத்திரத்தோடு தொழில்முறைத் தகுதிச் சான்றும் வேண்டும். அதைத் தக்கவைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சி பெற வேண்டும். இந்த நாடுகள் எவையும் அனுபவமற்ற ஒருவரை விமான நிலையத்திலிருந்து நேரே லொறிக்கு அழைத்துச் செல்வதில்லை.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அந்த இலக்கத்தையும், குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் வழங்கிய அங்கீகாரத்தையும் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். தந்தால், பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அவற்றைச் சரிபாருங்கள். தர மறுத்தால், கடவுச்சீட்டையும் பணத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டோடு பணியகத்தில் உடனே முறைப்பாடு செய்யுங்கள்.