மார்க்டவுனில் தமிழ்க் குறிப்புகள்: பாடல் வரியும் ஆண்டு எண்ணும் ஏன் தவறுகின்றன?

அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வேர்டில் இருந்த வரலாறு, இலக்கியக் குறிப்புகளை அப்சிடியன் செயலிக்கு மாற்றி வருகிறேன். அங்கே தனித்தனி வரிகளாகத் தெரியும் பாடல்கள், அச்சுக்காக மாற்றினால் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்கின்றன. சில சொற்கள் தடித்த எழுத்தாகாமல் குறிகளோடு நிற்கின்றன. ஆண்டுகள் தாமாக மாறிவிடுகின்றன. பழைய கோப்புகள் சிலவற்றை ஒட்டினால் படிக்கவே முடியவில்லை.”

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றைத் தொடுவதில் பயனில்லை. அந்தக் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். அவற்றில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே; எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. அப்சிடியன் குறிப்புகளைச் சேமிப்பது மார்க்டவுனில், அதாவது சாதாரண உரையிலேயே `#`, `*` போன்ற குறிகளை இட்டுத் தலைப்பு, தடித்த எழுத்து முதலியவற்றைக் காட்டும் முறையில். மார்க்டவுன் கோப்பு வெறும் உரை என்பதால் அதில் எழுத்துருவுக்கு இடமில்லை, திரை விலகியதும் உள்ளிருந்த ஆங்கில எழுத்துகள் வெளிப்படுகின்றன. முதலில் ஒருங்குறி (யூனிகோடு) மாற்றி ஒன்றின் வழியாக அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, மெய்ப்புப் பார்த்த பிறகே குறியீடுகளை இடத் தொடங்குங்கள்.

மற்றச் சிக்கல்களுக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. ஜான் குரூபர் 2004-இல், ஆரோன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு மார்க்டவுனை வெளியிட்டபோது எழுதிய விளக்கம், ஐயத்துக்குரிய பல இடங்களைத் திறந்தே விட்டிருந்தது. ஒவ்வொரு செயலியும் அந்த இடங்களைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. இதைச் சீர்படுத்த 2014-இல் காமன்மார்க் என்ற வரையறை வந்தது என்றாலும், எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆகவே உங்கள் திரையில் சரியாகத் தெரிவதை மட்டும் நம்பாமல், எல்லாச் செயலிகளும் ஒப்புக்கொள்ளும் வழக்கத்தைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.

பாடல் வரிகள் ஒட்டிக்கொள்வது இதற்கு நேரடி உதாரணம். மார்க்டவுன் விதிப்படி, ஒருமுறை எண்டர் தட்டுவது புது வரியாகாது. இரு வரிகளும் ஒரே பத்தியில் சேரும். அப்சிடியன் இயல்பாக இந்த விதியைத் தளர்த்தி, நீங்கள் பிரித்த இடத்திலேயே வரியைப் பிரித்துக் காட்டுகிறது. அச்சுக்கு மாற்றும் கருவி தளர்த்துவதில்லை. அடியின் முடிவில் இரண்டு இடைவெளிகள் விட்டால் வரி முறியும், ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாததால் திருத்தும்போது எளிதில் அழிந்துவிடும். அடி முடிவில் `\` என்ற பின்சாய்கோட்டை இடுவதையே நான் பரிந்துரைப்பேன். காமன்மார்க்கைப் பின்பற்றும் கருவிகளும், கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் என்ற கருவியும் அதை ஏற்கும்.

ஆண்டு வரிசையில் நடப்பது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் பிழை பிழையாகவே தெரிவதில்லை. உங்கள் குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

`1947. இந்திய விடுதலை`
`1956. மொழிவழி மாநிலங்கள்`
`1969. தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம்`

எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று கொள்ளும். அது மதிப்பது முதல் எண்ணை மட்டுமே. அடுத்தவற்றைத் தானே எண்ணிக்கொண்டு போகும். ஆகவே படிக்கும் காட்சியில் 1947, 1948, 1949 என்று வரும். குரூபரின் முதல் வடிவத்தில் முதல் எண்கூட மதிக்கப்படாமல் 1, 2, 3 என்றாகிவிடும். தேர்வுக்கு முந்தைய இரவில் இதைப் பார்த்து மனப்பாடம் செய்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. `- 1956: மொழிவழி மாநிலங்கள்` என்று சிறுகோட்டில் தொடங்கி, ஆண்டுக்குப் பின் புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி இடுங்கள். புள்ளிதான் வேண்டுமென்றால் அதற்கு முன் பின்சாய்கோடு இட்டு `1956\.` என எழுதலாம்.

தடித்த எழுத்துக்கு நட்சத்திரக் குறி, அடிக்கோடு இரண்டையும் மார்க்டவுன் ஏற்கிறது. தமிழுக்கு நட்சத்திரமே ஏற்றது. நம் சொற்கள் உருபேற்று நீள்வதால், `__கல்வெட்டு__களில்` என்று எழுத நேர்கிறது; சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டைப் பெரும்பாலான செயலிகள் குறியாகவே கொள்வதில்லை. `**கல்வெட்டு**களில்` என்பது சரியாக வேலை செய்யும். ஆனால் ‘மன்னரின்’ என்பதில் ‘மன்னர்’ மட்டும் தடிக்க வேண்டுமென்று ரகரத்துக்கும் அதன் இகரக் குறிக்கும் இடையே நட்சத்திரத்தை நுழைத்தால், உயிர்க்குறி தனித்துப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். அத்தகைய இடங்களில் முழுச் சொல்லையும் தடித்துவிடுங்கள். மேற்கோள் குறியை உள்ளடக்கி `**“நடுகல்”**என்ற` என்று ஒட்டி எழுதினாலும் குறி மூடப்படாது. `**“நடுகல்”** என்ற` என எழுதினால் சிக்கலில்லை.

தலைப்பில் `#` குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். விடாவிட்டால் அப்சிடியன் அதை டேகாக (குறிச்சொல்லாக) எடுத்துக்கொள்ளும். பத்தியின் முதல் வரியை உள்தள்ள நான்கு இடைவெளிகள் விடும் பழக்கம் இருந்தால் கைவிடுங்கள், அந்தப் பத்தி, கணினி நிரலைக் காட்டும் நிரல் பெட்டியாகிவிடும். தலைப்புக்கும் பட்டியலுக்கும் முன்பு ஒரு வெற்று வரி விடுங்கள். பேண்டாக் அதை எதிர்பார்க்கிறது.

அச்சுக்கு, பேண்டாக் வழியாக வேர்டு கோப்பாக மாற்றி அங்கிருந்து அச்சிடுவதே எளிது. நேரடியாகப் பி.டி.எஃப். ஆக்க முயன்றால், அது இயல்பாகப் பயன்படுத்தும் பிடிஎஃப்லேடெக் என்ற பி.டி.எஃப். உருவாக்கும் நிரல் தமிழைக் கையாளாது. அதற்குப் பதில் ஸீலேடெக் என்ற நிரலைத் தேர்ந்து, தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரையும் தர வேண்டும். எல்லாக் கோப்புகளையும் மாற்றுவதற்கு முன், பாடல், ஆண்டு வரிசை, தடித்த சொற்கள் மூன்றும் உள்ள ஒரே ஒரு பாடத்தை முதலில் மாற்றி, அச்செடுத்து, மூல வேர்டு கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.