முதலில் விளக்கைப் பாருங்கள்: கராஜ் கதவு சென்சார் கேள்வி பதில்

கராஜ் கதவு மூட மறுக்கிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களை ஒரே இடத்தில் தருகிறேன். எல்லாருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் குனிந்து, சென்சாரில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பாதிக்கு மேல் அந்த விளக்கே சொல்லிவிடும்.

கேள்வி: ரிமோட்டை அழுத்தினால் கதவு கொஞ்சம் இறங்கிவிட்டுத் திரும்ப மேலே போய்விடுகிறது. மோட்டாரில் உள்ள பல்பு விட்டு விட்டு எரிகிறது. சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் முழுதாக மூடுகிறது. மோட்டார் போய்விட்டதா சார்?

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்து வந்தால் அது சென்சார் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம்.

கதவின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரத்தில் ஒரு ஜோடி சென்சார் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், எதிர்ப்பக்கம் இருப்பது அதை வாங்கும். கதிர் வந்துகொண்டிருக்கும் வரை ‘வழி சரியாக இருக்கிறது’ என்று மோட்டாருக்குத் தகவல் போகும். தகவல் நின்றால் மோட்டார் கதவை இறக்காது. இறங்கிக்கொண்டிருந்தாலும் திருப்பி மேலே ஏற்றிவிடும். நடுவில் ஏதாவது நின்றாலும், லென்ஸில் தூசி படிந்தாலும், வயர் அறுந்தாலும், சென்சார் கொஞ்சம் திரும்பிக்கொண்டாலும் மோட்டாருக்கு எல்லாம் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் மூடாதே என்பதுதான் அதற்குச் சொல்லி வைத்திருக்கும் பாடம்.

பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூடுவதற்கும் காரணம் இருக்கிறது. அப்போது ஒரு ஆள் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மோட்டார் எடுத்துக்கொள்கிறது. அவசரத்துக்கு அப்படி மூடிக்கொள்ளலாம், ஆனால் கதவு தரையைத் தொடும் வரை கண்ணை எடுக்கக் கூடாது. ரிமோட்டில் இந்த வழி வேலை செய்யாது.

கேள்வி: அண்ணா, ஒரு சென்சாரில் விளக்கு நன்றாக எரிகிறது. இன்னொன்றில் மங்கலாகத் துடிக்கிறது. எதைத் திருப்புவது?

துடிப்பதைத்தான். அனுப்பும் சென்சாரின் விளக்கு, கரண்ட் வந்தாலே எரியும். எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாங்கும் சென்சாரின் விளக்குதான் கதிர் வந்து சேர்கிறதா என்று காட்டுவது. சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் மோட்டார்களில் அனுப்புவது மஞ்சள் கலந்த ஆரஞ்சு, வாங்குவது பச்சை. மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். எது எது என்று தெரியாவிட்டால், நடுவில் கையைக் காட்டுங்கள். எந்த விளக்கு அணைகிறதோ அது வாங்கும் சென்சார்.

திருப்புவதற்கு முன்னால் மெல்லிய உலர்ந்த துணியால் இரண்டு லென்ஸையும் துடையுங்கள். சிலந்தி வலை ஒரு இழை போதும், விளக்கு துடிக்க ஆரம்பித்துவிடும். தின்னர், பெட்ரோல் மாதிரி எதையும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் லென்ஸ் புகை படிந்தது போல ஆகிவிடும். துடைத்த பிறகும் துடித்தால் அப்புறம் நட்டைத் தொடலாம்.

வாங்கும் சென்சாரைப் பிடித்திருக்கும் விங் நட்டைச் சற்றே தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். சென்சாரை மிக மெதுவாக மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் அசையுங்கள். ஒரு இடத்தில் விளக்கு திடமாக எரியும். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், மறுபடி எங்கே மங்குகிறது என்று தெரியும். இரண்டு மங்கலுக்கும் நடுவில் வைத்து இறுக்குங்கள். பலர் விளக்கு எரிந்த உடனே இறுக்கிவிடுவார்கள். அது ஓரத்தில் பிடித்த இடம், நாலு தடவை கதவு அதிர்ந்தால் மறுபடி விலகிவிடும். இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து சென்சாரும் திரும்பப் பார்க்கும். ஒரு கையால் சென்சாரை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் இறுக்குங்கள்.

எப்படி அசைத்தாலும் பிடி கிடைக்கவில்லை என்றால், இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை என்று அர்த்தம். ஒரு சென்சாரின் லென்ஸ் நடுவிலிருந்து மற்றதன் லென்ஸ் நடுவுக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பிராக்கெட் வளைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சைக்கிள் சாய்த்து, குப்பைத்தொட்டி இடித்து வளைந்த பிராக்கெட்டைக் கையால் நிமிர்த்தினால் கொஞ்ச நாள் நிற்கும். நெளிந்து தொய்ந்துபோனதை மாற்றிவிடுவதே மேல்.

கேள்வி: விளக்கு நின்று நிதானமாக எரிகிறது. கதவு இறங்கும்போது மட்டும் பாதியில் திரும்புகிறது. தினமும் நடப்பதில்லை.

அதிர்வு. உங்கள் சென்சார் கதவு ஓடும் ட்ராக்கிலேயே மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கதவு ஓடும்போது ட்ராக் நடுங்க, சென்சாரும் கூடவே நடுங்குகிறது. யாராவது ஒருவரைக் கதவை இயக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கதவுக்கு அடியில் போகாமல் உள்ளே தள்ளி நின்று வாங்கும் சென்சாரின் விளக்கையே பாருங்கள். கதவு திரும்பும் அதே கணத்தில் விளக்கு மினுக்கினால் குற்றவாளி அகப்பட்டான். ட்ராக் பிராக்கெட்டின் போல்ட்டுகளை இறுக்குங்கள். அதிலும் அடங்காவிட்டால் சென்சாரைச் சுவரில் பிராக்கெட் போட்டு மாட்டுவதுதான் நிலையான தீர்வு.

விளக்கு மினுக்கவே இல்லை, ஆனாலும் கதவு திரும்புகிறது என்றால் சென்சாரை விட்டுவிடுங்கள். ரோலர் எங்கோ சிக்குகிறது, அல்லது கதவின் எடை சரியாகத் தாங்கப்படவில்லை.

கேள்வி: காலையில் பிரச்சினையே இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கதவு மூடாது. இருட்டிய பிறகு மூடும். இது என்ன கணக்கு?

வெயில் கணக்கு. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. சாய்ந்த வெயில் நேராக வாங்கும் சென்சாரின் கண்ணில் விழும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கதிரை அதனால் பிரித்து அறிய முடிவதில்லை. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காமல் போவது மாதிரிதான். ஒரு அட்டையால் லென்ஸுக்கு நிழல் காட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, லென்ஸைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒரு மறைப்பு வைப்பது. உள்பக்கம் கறுப்பாக இருந்தால் நல்லது. கதிரின் பாதையில் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, இரண்டு சென்சாரையும் பக்கம் மாற்றுவது. வெயில் விழும் பக்கம் அனுப்பும் சென்சார் இருக்கட்டும், அதற்கு வெயிலால் பாதிப்பில்லை. வாங்கும் சென்சார் நிழல் பக்கம் போகட்டும். என்னைக் கேட்டால் மாற்றுவதுதான் சிறந்தது. மறைப்பு என்றைக்காவது காலில் பட்டு விழுந்துவிடும்.

கேள்வி: இரண்டு சென்சாரிலும் விளக்கே இல்லை.

இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். வயரைத் தேடுங்கள். முதலில் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இந்த வயரில் ஓடுவது குறைந்த வோல்டேஜ்தான் என்றாலும், ஏணியில் நின்று வேலை பார்க்கும்போது கதவு ஓடத் தொடங்கினால் ஆபத்து.

மோட்டாரின் பின்பக்க டெர்மினலில் ஆரம்பியுங்கள். வயர் நழுவி வெளியே வந்திருக்கலாம், அல்லது இரண்டு வயரின் செம்பு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு சுவரோரமாக வயரைப் பிடித்துக்கொண்டே வாருங்கள். ஸ்டேபிள் அடித்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்டேபிள் வயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. எலி கடித்த இடம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இரண்டு சென்சாரையும் பிராக்கெட்டிலிருந்து கழற்றி மோட்டார் பக்கம் கொண்டு வாருங்கள். பழைய வயரை விலக்கிவிட்டு, புதிய குட்டை வயரால் நேராக டெர்மினலில் இணைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். விளக்குகள் எரிந்தால் சென்சார் நல்லது, சுவரில் ஓடும் வயர்தான் கெட்டது. எரியாவிட்டால் சென்சாரோ மோட்டாரின் சர்க்யூட் போர்டோ போயிருக்கிறது. பரிசோதித்த கையோடு சென்சார்களை அவற்றின் இடத்தில் மாட்டிவிடுங்கள். மேலேயே விட்டுவிட்டால் கதவுக்குக் காவல் இல்லை.

கேள்வி: அதையே கேட்க வந்தேன். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே டேப் போட்டு மேலேயே கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே? பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

செய்யாதீர்கள். பக்கத்து வீட்டாரிடமும் போய்ச் சொல்லுங்கள்.

இந்தக் கதவுகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்களுக்கு இப்படி ஒரு கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். 15 சென்டிமீட்டர் என்ற உயரமும் சும்மா வைத்ததில்லை. தவழும் குழந்தை, படுத்திருக்கும் நாய், உருண்டு போன பந்தை எடுக்கக் குனிந்த பிள்ளை, எல்லாரும் அந்தக் கதிருக்குள் வர வேண்டும். மேலே கட்டிவைத்த சென்சார் மோட்டாரிடம் நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். சரிசெய்ய நேரமில்லையா? அதுவரை சுவர் பட்டனைப் பிடித்து, பார்த்துக்கொண்டே மூடுங்கள்.

சென்சாரே இல்லாத மிகப் பழைய மோட்டார் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தீர்கள். மோட்டாரையே மாற்றுங்கள் என்பதுதான் என் பதில்.

கேள்வி: கதவு தரையைத் தொட்டுவிட்டு அப்புறம் மேலே போகிறது. சென்சாரைத் துடைத்தும் பயனில்லை.

தரை வரை வந்துவிட்டதே, சென்சார் தடுக்கவில்லை. எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்ற அளவு மோட்டாரில் கூடுதலாக இருக்கிறது. தரை வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் என்று அது தள்ளுகிறது, தரை தடுக்கிறது, ஏதோ இடித்துவிட்டது என்று திரும்புகிறது. இறங்கும் எல்லையைக் கையேட்டில் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருகி இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: எங்கள் கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது. சென்சார்தானே?

இல்லை. சென்சார் மூடுவதை மட்டும்தான் தடுக்கும். மோட்டார் முனகியும் கதவு எழும்பவில்லை என்றால் ஸ்ப்ரிங் உடைந்திருக்கலாம். ஸ்ப்ரிங்கை நீங்கள் தொடவே கூடாது, அதில் ஏறியிருக்கும் விசை கையை ஒடித்துவிடும். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்றின் சென்சார் மற்றதைக் குழப்புமா?

குழப்பும். ஒரு கதவின் கதிர் அடுத்த கதவின் வாங்கும் சென்சாரில் போய் விழுந்தால், வழியில் ஆள் நின்றாலும் ‘சரி’ என்றே தகவல் போகக்கூடும். நடுத்தூணில் இரண்டு கதவுக்கும் அனுப்பும் சென்சார்களையே மாட்டுங்கள், முதுகோடு முதுகு வைத்தது போல. கதிர்கள் எதிரெதிர்த் திசையில் போய்விடும், ஒன்றை ஒன்று சந்திக்காது.

கேள்வி: காரைப் பாதி வெளியே நிறுத்தியிருந்தேன். கதவு அதன்மேல் இறங்கியதே! சென்சார் ஏன் பார்க்கவில்லை?

கார் நின்ற இடத்தில் சக்கரம் கதிரை மறைக்கவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே கதிர் தடையில்லாமல் போய்விட்டது. உயரமான வண்டிகளில் இது சாதாரணம். அந்த உயரத்தில் கடக்கும் ஒற்றைக் கோட்டை மட்டும்தான் சென்சார் பார்க்கிறது. கதவின் வாசல் முழுவதையும் அல்ல. பட்டும் படாமலும் கதவு திரும்பியிருந்தால் அது மோட்டாரின் இரண்டாவது பாதுகாப்பு. இரண்டுமே வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கதவு இறங்கும்போது ஒரு நீளமான குச்சியை ஓரத்தில் நின்றபடி கதிரின் குறுக்கே நீட்டுங்கள், கதவு உடனே திரும்ப வேண்டும். அப்புறம் சுமார் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகையைக் கதவுக்கு நேர் கீழே, நடுவில், தரையில் படுக்கவையுங்கள். கதவு பலகையில் பட்ட மாத்திரத்தில் மேலே ஏற வேண்டும். பலகையை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றால் அந்த மோட்டாரைச் சரிசெய்யும் வரை பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எல்இடி பல்பு மாற்றியதிலிருந்து ரிமோட் சரியாக வேலை செய்யவில்லை. சென்சார் கெட்டுவிட்டதா?

சென்சாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில எல்இடி பல்புகள் ரேடியோ இரைச்சலை வெளியிடும், ரிமோட்டின் சிக்னல் அதில் அமுங்கிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். சரியானால் கராஜ் மோட்டாருக்கென்றே வரும் எல்இடி பல்பை வாங்குங்கள்.

கேள்வி: ஒரு சென்சார் உடைந்துவிட்டது. அதை மட்டும் வாங்கினால் போதுமா அண்ணா?

ஜோடியாக வாங்குங்கள். பழையதும் புதியதும் ஒத்துப்போகாமல் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தால், கோணம் சரியில்லை என்று நினைத்து வீணாகத் திருகிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கம்பெனியின் சென்சார் இன்னொரு கம்பெனியின் மோட்டாரோடு பேசாது. ஒரே கம்பெனியிலும் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் மாறலாம். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றும்போது எந்த நிற வயர் எந்த டெர்மினலில் இருந்தது என்பதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் வயர் இடம் மாறினாலும் விளக்கு எரியாது.