குலியாக்கானில் அரசு ஏன் பின்வாங்கியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவைப் பற்றிய உங்கள் குறிப்பில், 2019இல் குலியாக்கான் நகரில் பிடிபட்ட போதைக் கடத்தல் தலைவரின் மகனை அரசே விடுவித்தது என்று எழுதியிருந்தீர்கள். ராணுவம் வைத்திருக்கும் ஓர் அரசு கொள்ளைக் கூட்டத்துக்கு அஞ்சலாமா? முழுப் படையையும் இறக்கி ஒரேயடியாக முடித்திருக்க வேண்டாமா?

கே. ஆர்.

அன்புள்ள கே. ஆர்.,

2019 அக்டோபர் 17 அன்று, ‘எல் சாப்போ’ குஸ்மானின் மகன் ஓவிடியோ குஸ்மானை வீட்டுவாசலில் மடக்கிய படையினர் மிகச் சிலர். சற்று நேரத்திற்குள் அந்தக் குடும்பத்தின் சினலோவா கடத்தல் கூட்டத்தினர் கனரகத் துப்பாக்கிகளுடன் நகரின் சாலைகளை மறித்து, வண்டிகளுக்குத் தீ வைத்து, சிறையிலிருந்து கைதிகளை வெளியேற்றியதோடு, ராணுவத்தினரின் மனைவி மக்கள் வாழ்ந்த குடியிருப்பையும் தாக்கினார்கள். குடியரசுத் தலைவர் லோபெஸ் ஓப்ரடோர் ஓவிடியோவை விடுவிக்கச் சம்மதித்தது இந்நிலையில்தான். அதைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திட்டமில்லாமல் உள்ளே போனதைத்தான் குறை சொல்வேன். 2023 ஜனவரியில் அதே ஓவிடியோவை மீண்டும் பிடித்தபோது பத்துப் படைவீரர்கள் உட்பட 29 பேர் இறந்தார்கள்.

நீங்கள் கேட்கும் ‘ஒரேயடி’ ஏற்கெனவே அடித்துப் பார்க்கப்பட்டதுதான். 2006 டிசம்பரில் பதவியேற்ற பத்தே நாளில் குடியரசுத் தலைவர் ஃபெலிப்பே கால்டெரோன் தம் சொந்த மாநிலமான மிச்சோவக்கானுக்கு ஆயிரக்கணக்கான படையினரை அனுப்பினார். தலைவர்களைப் பிடித்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பது கணக்கு. கூட்டம் கலையவில்லை, உடைந்தது. உடைந்த ஒவ்வொரு துண்டும் கடத்தல் வழித்தடத்துக்காக மற்றதோடு மோதியது. சரக்கு வாங்குவோர் அமெரிக்காவில் இருக்கும்வரை வழித்தடத்தின் விலை குறைவதில்லை. துப்பாக்கிகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன: மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, டெக்சாசிலும் அரிசோனாவிலும் அப்படியல்ல.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது வேறொன்று. அரசு ஒரு பக்கம், கூட்டம் மறுபக்கம் என்று நடுவே கோடு போட்டுக்கொண்டு கேட்கிறீர்கள். அந்தக் கோடு எங்கே போகிறது? செட்டாஸ் என்னும் கடத்தல் கூட்டத்தின் முதல் ஆட்கள் ராணுவத்தின் சிறப்புப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள். ‘வளைகுடா’ என்ற இன்னொரு கடத்தல் கூட்டம் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட அவர்கள் 2010இல் அதையே எதிர்த்துப் போரிட்டார்கள். கால்டெரோன் ஆட்சியில் இந்தப் போரை நடத்திய பொதுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா கூட்டத்திடம் பணம் வாங்கிய குற்றத்துக்காக 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் 38 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை பெற்றார். 2014 செப்டம்பரில் இகுவாலா நகரில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் 43 பேரை மறித்துக் கொண்டுபோனவர்கள் சீருடை அணிந்த காவலர்கள். ‘முழுப் படையையும் இறக்க வேண்டும்’ என்னும்போது, அதில் எந்தப் பகுதி யாருடையது என்பதை முதலில் யார் பிரித்துச் சொல்வது?

2000 வரை 71 ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்ட நாட்டில், எந்த ஊர் எந்தக் கடத்தல் கூட்டத்தின் வசம் என்பதை அதிகாரிகளே தீர்த்து, பங்கும் வாங்கிவந்தார்கள். அந்தப் பிடி தளர்ந்தபோது லஞ்சம் நிற்கவில்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு கைகளுக்குப் போனது. ஜனநாயகம் வந்ததால் கெட்டது என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

2024 ஜூலையில் சினலோவா கூட்டத்தின் மூத்த தலைவர் இஸ்மாயெல் ஸம்பாதா அமெரிக்கர்களிடம் சிக்கினார். செப்டம்பரிலிருந்து குலியாக்கானில் அவருடைய ஆட்களும் ‘எல் சாப்போ’ குஸ்மானின் மகன்களின் ஆட்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் காணாமல் போனவர்களின் பதிவு லட்சத்தைத் தாண்டியது 2022இலேயே. குலியாக்கான் இருக்கும் சினலோவா மாநிலத்தின் தாய்மார்கள் இரும்புக் கம்பியை நிலத்தில் ஆழ அடித்து, உருவி, அதன் நுனியை முகர்ந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். குற்றவாளியைத் தேடவில்லை, பிள்ளையை மட்டும் தேடுகிறோம் என்று அரசும் கூட்டமும் கேட்கும்படி அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.