ஸ்டாண்டில் சுழல்கிறது, சாலையில் இழுக்கிறது

கேள்வி: ஐயா, நான் ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளையில் உள்ள ஒரு கடைக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வருகிறேன். வண்டி 28 அங்குலச் சக்கரங்கள் கொண்ட பழைய மாடல். கடந்த இரண்டு மாதங்களாக, யாரோ கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுப்பதைப் போல, மிதிப்பதற்கு மிகவும் கனமாக இருக்கிறது. ஆடிக் காற்றுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். காற்று ஓய்ந்த பிறகும் போகும்போதும் வரும்போதும் அப்படியே இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தேன், பயனில்லை. ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுழல்கிறது. கடைக்காரரும் "வண்டியில் ஒன்றும் இல்லை" என்கிறார். வண்டியில்தான் கோளாறா, அல்லது என் உடலில் வலு குறைந்துவிட்டதா?

பதில்: உடலைக் குறை சொல்வதற்கு முன் வண்டியை முழுமையாகப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம், ஸ்டாண்டில் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது என்பதுதான். பலர் அந்த இடத்தோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதில்லை, கேரியரில் சுமை இருப்பதில்லை, டயர் தரையைத் தொடுவதுமில்லை. எடை ஏறிய பிறகு மட்டுமே தலைகாட்டும் கோளாறுகளை அந்தச் சோதனையால் காட்ட முடியாது. உங்கள் வண்டியில் இருப்பது அத்தகைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

காற்றை நீங்கள் சந்தேகித்ததில் தவறில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 10 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், அவர் உடல் கிழித்துச் செல்ல வேண்டிய காற்றின் வேகம் 25 ஆகிறது. தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அது ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஏற்றமும் அப்படித்தான் ஏமாற்றும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே உயரும் சாலையில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்றால், முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட இழுவை பின்னால் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் இவ்விரண்டும் ஒரு திசையில் எதிர்த்தால் மறு திசையில் உதவும். உங்களுக்கு இரு திசையிலும் கனமாக இருப்பதால் இரண்டையும் விட்டுவிடலாம்.

அடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். சமமான சாலையில் ஓரளவு வேகம் எடுத்த பிறகு மிதிப்பதை நிறுத்துங்கள். வண்டி வழக்கம்போல் நெடுந்தூரம் உருண்டு சென்றால் கோளாறு செயின், பெடல், நடு அச்சு ஆகியவற்றில் இருக்கிறது, அல்லது மிதிக்கும்போது மட்டும் பின்சக்கரம் இடம் மாறுகிறது. மிதிக்காமலேயே வேகம் சட்டென்று இறங்கினால், பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீல், மிதிக்காதபோது சக்கரத்தைச் செயினிலிருந்து பிரித்து வைத்துவிடுவதால், செயினுக்கும் பெடலுக்கும் அதில் பங்கில்லை. டயர், பிரேக், மட்கார்டு, சக்கரக் குண்டுகள் ஆகியவற்றை மட்டுமே பார்த்தால் போதும்.

உங்கள் வண்டி இரண்டாம் வகையாக இருக்கும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். முதலில் டயரைப் பாருங்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி மீண்டும் எழும்போது, நீங்கள் மிதித்துக் கொடுத்த ஆற்றலின் ஒரு பகுதி ரப்பரைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆளில்லாமல் நிற்கும் வண்டியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. நீங்கள் வண்டியில் அமர்ந்திருக்க, இன்னொருவர் குனிந்து பின்டயர் தரையைத் தொடும் இடத்தைப் பார்க்கட்டும். டயரின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் காற்று போதவில்லை என்று கொள்ளலாம். பழைய சைக்கிள்களில் வால்வின் மேல் மாட்டும் சிறு ரப்பர்க் குழாயான வால்டியூப் வயதாகி இறுகும்போது பஞ்சர் இல்லாமலேயே காற்று சிறிது சிறிதாகக் கசியும். காலையில் அடித்த காற்று மாலைக்குள் குறைந்துவிடுவதால் உரியவருக்கே அது தெரிவதில்லை. வால்வு வாயில் ஒரு துளி நீர் வைத்துப் பாருங்கள். குமிழி எழுந்தால் சில ரூபாய் வால்டியூப்பில் வேலை முடிந்துவிடும்.

டயர் சரியாக இருந்தால், கேரியரில் வழக்கமான சுமையை வைத்து, ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஓர் அஞ்சலட்டையை நுழைத்துப் பாருங்கள். என் வண்டியே ஒரு மாதம் முழுவதும் இப்படி இழுத்தது. மட்கார்டைத் தாங்கும் கம்பியின் திருகு தளர்ந்திருந்ததால், கேரியரில் பை ஏறியதும் மட்கார்டு இறங்கி டயரின் மேல் உட்கார்ந்துகொண்டது. பையை எடுத்ததும் மேலெழுந்துவிட்டதால், வீட்டில் நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் வண்டி நன்றாகவே இருந்தது. கடைசியில் காட்டிக்கொடுத்தது மட்கார்டின் உட்புறத்தில் பளபளவென்று தேய்ந்திருந்த ஒரு கோடு. உரசும் பொருள் எதுவானாலும் எங்கோ ஒரு பளபளப்பை விட்டுச் செல்லும். அதைத் தேடுவது வண்டியைக் கழற்றுவதைவிடச் சிறந்த வழி.

அப்படிப்பட்ட பளபளப்பு, பின்சக்கரத்தின் இடப்பக்கத்து அடிச்சட்டத்தின் உட்புறத்தில் இருந்தால், வலப்பக்க நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். செயின் இழுக்கும்போது சக்கரத்தின் வலப்புறம் முன்னால் நகர்ந்து, டயரின் முன்பகுதி இடப்புறம் சாய்ந்து உரசும். பின் அச்சு நடுவில் உடைந்திருந்தாலும் இப்படி நேரும். இரு பக்க நட்டுகளும் பாதி அச்சுகளைப் பிடித்திருப்பதால் ஸ்டாண்டில் ஒன்றும் தெரியாது, எடை ஏறியதும் சக்கரம் கோணும். ஸ்போக்ஸ் கம்பிகளில் ஏதேனும் அறுந்திருந்தால் ரிம் ஆடி ஒரு பிரேக் கட்டையைச் சுற்றுக்கு ஒருமுறை தொடும். அதைக் கோட்டம் எடுத்துச் சரிசெய்துவிடலாம்.

எதைச் சரிசெய்தாலும் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, உருட்டிப் பாருங்கள். காற்றில்லாத விடியற்காலையில், சற்றே இறக்கமான ஓர் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல் வண்டி எவ்வளவு தூரம் செல்கிறது என்று குறித்துவைத்து, மாற்றத்துக்குப் பிறகு அதே உடையில், அதே சுமையுடன் மறுபடியும் உருட்டுங்கள். 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவரும், பெல்ஃபாஸ்டில் தம் வீட்டு முற்றத்தில் பழைய சக்கரத்தையும் காற்றுக் குழாய் சுற்றிய வட்டையையும் உருட்டிவிட்டு எது அதிகத் தூரம் போகிறது என்றுதான் பார்த்தார். இன்றைக்கும் வீட்டில் செய்யத்தக்க சோதனைகளில் இதைவிட நம்பகமான ஒன்றை நான் அறியேன். நான்கைந்து அடி கூடுதலாக உருண்டால் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை உருட்டிச் சராசரியைப் பாருங்கள்.

கேள்வி: முன்சக்கரத்தை நானே கழற்றி ஓவராயிலிங் செய்து புதுக் குண்டுகள் போட்டேன். அதன் பிறகு வண்டி முன்னைவிடக் கனமாக ஓடுகிறது. குண்டுகள் தரமற்றவையா?

— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, குண்டுகளைப் பழிப்பதற்கு முன், அவற்றை அச்சில் அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவத் திருகான கோனைப் பாருங்கள். கோனைச் சரியாக வைத்துவிட்டு மேல் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே சற்று இறுகிவிடும் என்பதால், மயிரிழை ஆட்டம் இருக்கும்படி விட்டுத்தான் நட்டை முடுக்க வேண்டும். பழைய மாடல் வண்டிகளின் முன்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துக் குண்டுகள்தான் போடுவது வழக்கம். இடம் தெரிகிறதே என்று பதினோராவதைத் திணித்திருந்தால் குண்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். சரிசெய்த பின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வால்வை மூன்று மணி முள்ளின் நிலையில் வைத்துக் கையை எடுங்கள். வால்வின் எடையே சக்கரத்தைக் கீழே இழுத்து, ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் சில முறை ஆடவிட்டு, அடியில் வந்து நிற்க வேண்டும். வைத்த இடத்திலேயே நின்றுவிட்டால் கோனைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி மீண்டும் பாருங்கள்.