மாதவிலக்கு நின்றால் பயிற்சி பலிக்கிறது என்று அர்த்தமா?

வாசகர் கேள்விகளுக்குக் குன்னூர் டாக்டரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. 1500, 3000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சி கொடுக்கும் மேடத்திடம் கேட்டதற்கு, "நன்றாக ஓடுகிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகும், நல்ல அறிகுறி" என்கிறார். காலையில் டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறாள். மதியச் சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்கிறாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து மாதவிலக்கை வரவழைக்கலாமா? - ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா. போட்டால் உதிரம் வரலாம், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியும் வரலாம். ஆனால் நின்றதற்கான காரணம் அப்படியே இருக்கும், எலும்பு பலமிழப்பதும் நிற்காது. பெரியவர்கள் ஏமாறுவதற்கு மட்டுமே அந்த மாத்திரை உதவும்.

"நல்ல அறிகுறி" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தியில்தான் உடம்பு மற்ற வேலைகளையெல்லாம் பார்க்க வேண்டும். மிச்சம் போதவில்லை என்றால், உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத செலவை மூளை முதலில் வெட்டுகிறது. கருமுட்டை முதிர்வதற்கான ஹார்மோன் கட்டளை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, அதோடு எலும்புக்கு இருந்த பாதுகாப்பும் போகிறது. குறைவான உணவு, நின்ற மாதவிலக்கு, பலவீனமான எலும்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்து வருவதை 1992இலேயே விளையாட்டு மருத்துவர்கள் பெயரிட்டுச் சொல்லிவிட்டார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை இன்னும் விரித்து, மனநிலை, நோய் எதிர்ப்புச் சக்தி, இதயம் எல்லாமே இதனால் பாதிக்கப்படும் என்று அறிவித்தது.

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ எடையுள்ள பெண் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 450 கலோரி செலவாகும். நம் ஊர் மேட்டில் ஓடினால் இன்னும் கூடும். கொழுப்பு நீங்கலாக அவள் உடம்பு 36 கிலோ என்று வையுங்கள். கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1620 கலோரி, ஓட்டத்துக்கான 450க்கு மேல் அவளுக்கு மிஞ்ச வேண்டும். ஆக, நாளுக்கு 2070. வர்க்கியும் டீயும் பாதி டப்பாவும் அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? ஊட்டி வர்க்கி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓடிவிட்டு வருகிற பெண்ணுக்கு அது உணவாகாது. ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்த அரை மணிக்குள் ராகிக் களியோ இட்லியோ முட்டையோடு, பள்ளிப் பையில் கடலை உருண்டை, இரவில் அவரைக் குழம்பும் பாலும் என்று கொடுங்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

எலும்பு வலியைத் தள்ளிப்போடாதீர்கள். விரல் நுனியால் அழுத்தும்போது ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால், அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறலாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். டாக்டரிடம் காட்டி, கீறல் இல்லை என்று உறுதியாகும்வரை ஓட்டம் கூடாது. எலும்பு வலிமையில் சுமார் 90 சதவீதம் 18 - 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அவளுக்கு இருக்கும் காலம் குறைவு. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள், வைட்டமின் டி ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கச் சொல்வார்கள். கர்ப்பப் பரிசோதனையும் சொல்வார்கள். பதறாதீர்கள், அது வழக்கமான ஒன்று, பிள்ளையின் மேல் யாரும் சந்தேகப்படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடிக்கடி எடை பார்க்கிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா, ஓட முடியாத நாளில் எரிந்து விழுகிறாளா? அமெரிக்க வீராங்கனை மேரி கெய்ன் 17 வயதில், 2013 உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். எடையைக் குறை, குறை என்று பயிற்சியாளர் நெருக்கியதில் மூன்று ஆண்டு மாதவிலக்கு நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன, உயிரை விடும் எண்ணம்கூட வந்தது என்று 2019இல் அவரே சொன்னார். "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டாமல், "எடையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள்?" என்று மகளிடம் கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: நான் ஹாக்கி ஆடுகிறேன், வயது 15. ஹீமோகுளோபின் 9.8. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைச் சூடான டீயோடு போடுகிறேன். ஆனாலும் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது. - மாணவி, கொடைக்கானல்

பதில்: டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது கண்ணு. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தொடாதே. நெல்லிக்காய் அல்லது கொய்யாவோடு மாத்திரையைப் போடு. உன் வயதில் 12க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். வார மாத்திரை ரத்தசோகை வராமல் தடுப்பதற்கு, வந்துவிட்ட பிறகு அது போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தினமும் போடும் மாத்திரை வாங்கிக்கொள். மலையில் காற்று மெலிதாக இருப்பதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கும், அதற்கும் இரும்பு வேண்டும்.

கேள்வி: கூடலூர் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாதவிலக்கு நாள்களில் கைப்பந்து அணி மாணவிகளுக்குப் பயிற்சியிலிருந்து விடுப்புக் கொடுக்க வேண்டுமா? என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

பதில்: கட்டாய விடுப்பும் வேண்டாம், கட்டாயப் பயிற்சியும் வேண்டாம் தம்பி. முடிவை அவர்களிடம் விடுங்கள். பாரீஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, அன்று தனக்கு மூன்றாம் நாள் என்று வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் மாணவிகள் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, ஓர் ஆசிரியையிடம் சொன்னால் போதும். மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீரும் குப்பைக்கூடையும் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் காலை முதல் தண்ணீரே குடிக்காமல் ஆடுவார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி எடை பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதைவிட, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று பாருங்கள். முழங்கால் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11+' என்ற 20 நிமிடப் பயிற்சி இணையத்தில் கிடைக்கிறது. வாரம் இரண்டு முறையாவது செய்யச் சொல்லுங்கள், பந்து வேறானாலும் முட்டி ஒன்றுதான்.